நண்டு ஓடும் நீல விளக்கும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தூரம். இந்தத் தூரத்துக்குள் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகமும், ஒரு மருத்துவக் கல்லூரியும், ஒரு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. இவற்றுக்கும் முறிந்த எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் உண்டு. அதை நாம் இன்னும் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

உலகின் பல ஆராய்ச்சிக்கூடங்களில் இன்று ஒரு புதுவகைக் கூழை ஆராய்ந்து வருகிறார்கள். எலும்பு சிதைந்து பள்ளம் விழுந்த இடத்தில் அதை ஊசியால் நிரப்பி, மேலே ஒளியைப் பாய்ச்சினால் சிறிது நேரத்தில் இறுகிவிடும். பள்ளம் எந்த வடிவத்தில் இருந்தாலும் அந்த வடிவத்துக்குத் தானே பொருந்திக்கொள்ளும். புதிய எலும்பு அதற்குள் வேர்விட்டு வளர வளர, கூழ் மெல்லக் கரைந்து இடம் விடும். விரும்பும் வேளையில் மறுபடி ஒளியைக் காட்டினால், கூழுக்குள் அடைத்து வைத்த மருந்து வெளியே வரும்படியும் செய்யலாம்.

'இது எங்கோ நடக்கிற அதிசயம். ஒருநாள் பெட்டியில் அடைத்து நம் ஊருக்கும் வரும். வந்தபின் விலை கொடுத்து வாங்கிக்கொள்வோம்' என்று இருந்துவிடலாமா? கூடாது என்பது என் கருத்து. கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களிலேயே நடக்க வேண்டிய ஆராய்ச்சி இது. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எதிர்வாதங்களையும் மறைக்காமல் சொல்கிறேன். முடிவை நீங்களே எடுங்கள்.

எலும்பு தானே கூடும். ஆனால் எப்போதும் அல்ல

எலும்பைக் கல்லைப் போன்ற ஜடப்பொருள் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. எலும்புக்குள் இரத்தம் ஓடுகிறது, உயிரணுக்கள் வாழ்கின்றன, பழைய எலும்பை அரிக்கும் வேலையும் புதிய எலும்பைக் கட்டும் வேலையும் இடைவிடாமல் நடக்கின்றன.

எலும்பு முறிந்தவுடன் அந்த இடத்தில் இரத்தம் கசிந்து உறைகிறது. சில நாட்களில் அங்கே புதிய உயிரணுக்கள் வந்து கூடுகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பு போன்ற மெத்தென்ற பாலம் ஒன்று இரு முனைகளையும் இணைக்கிறது. அதன்மேல் கால்சியம் உப்புகள் படிந்து, பாலம் கெட்டிப்படுகிறது. பிறகு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், உடல் அதைச் செதுக்கிச் செதுக்கிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருகிறது. மருத்துவரின் முக்கிய வேலை இரு முனைகளையும் நேராகச் சேர்த்து அசையாமல் வைப்பது. கூட்டுகிற வேலையை உடலே செய்துகொள்கிறது.

ஆகவே எலும்பு முறிந்த பெரும்பாலோருக்கு ஒளிக்கூழ் எதுவும் தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இடர்ப்பாடு எப்போது வருகிறது? லாரி ஏறி முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு நொறுங்கி, சில சென்டிமீட்டர் நீளத்துக்குத் துண்டுகளே இல்லாமல் போனால் வருகிறது. சீழ் பிடித்த எலும்பை வெட்டி எடுக்க நேர்ந்தாலும், புற்றுக்கட்டியோடு எலும்பை நீக்க நேர்ந்தாலும் வருகிறது. அவ்வளவு பெரிய இடைவெளியை உடலால் தாண்ட முடியாது. ஆற்றின் குறுக்கே பாலம் கட்ட நடுவில் தூண் வேண்டும் அல்லவா? அதுபோல் எலும்பு வளர்வதற்கும் பிடிமானம் ஒன்று நடுவில் வேண்டும்.

இன்றைய வழக்கம், நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பள்ளத்தில் வைப்பது. இது நல்ல முறைதான். ஆனால் இன்னோர் இடத்திலும் அறுக்க வேண்டும், அங்கும் வலி, எடுக்கக்கூடிய எலும்புக்கும் அளவு உண்டு. சோவியத் மருத்துவர் இலிசாரோவ் 1950களில் சைபீரியாவில் வேறொரு முறையை உருவாக்கினார். காலைச் சுற்றி வளையங்களைப் பூட்டி, எலும்பை ஓரிடத்தில் அறுத்து, நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் மெல்ல இழுத்துக்கொண்டே போனால் இடைவெளியில் புது எலும்பு வளர்கிறது. அற்புதமான முறை! ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 சென்டிமீட்டர் இடைவெளிக்கு இழுக்க மட்டும் 50 நாள். வளர்ந்த எலும்பு கெட்டிப்பட மேலும் பல மாதங்கள்.

பண்ருட்டியில் பலாமரம் ஏறுபவரையும், படகில் வலை இழுப்பவரையும், நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மாதச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு கிடையாது. கால் படுத்தால் குடும்பமே படுத்துவிடும். அந்த மாதங்களில் ஒன்றிரண்டைக் குறைக்க முடிந்தாலும் அது பெரிய உதவி அல்லவா?

கட்டிலிருந்து கூழுக்கு

இறுகும் பொருளைக் கொண்டு எலும்பைக் காப்பது நமக்குப் புதிதல்ல. நாட்டு வைத்தியர்கள் மூங்கில் பத்தைகளை வைத்து, முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தமாவைக் குழைத்துத் துணியில் தடவிக் கட்டுவார்கள். காய்ந்தால் அது கெட்டியான உறையாகிவிடும். 1852ஆம் ஆண்டில் டச்சு ராணுவ மருத்துவர் மத்தீசன், 'பாரிஸ் சாந்து' தூவிய துணியை நனைத்துக் கட்டும் மாவுக்கட்டு முறையை வெளியிட்டார். தத்துவம் இரண்டிலும் ஒன்றே: குழைவாக இருக்கும்போது உறுப்பின் வடிவத்துக்குப் பொருந்த வேண்டும், பொருந்தியபின் இறுக வேண்டும். (அளவுக்கு மீறி இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று, கையையோ காலையோ இழக்க நேரிடும். கட்டியபின் விரல்கள் வீங்கினாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்துப் போனாலோ கட்டு எவர் போட்டதானாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.)

மாவுக்கட்டு உடலுக்கு வெளியே இறுகுகிறது. ஒளிக்கூழ் உள்ளே இறுகுகிறது. ஆனால் உள்ளே வைக்கும் பொருளுக்கு நிபந்தனைகள் அதிகம். அது சுடக்கூடாது, நஞ்சாகக்கூடாது, உயிரணுக்கள் அதற்குள் நுழைந்து வாழ இடம் இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் மறைந்துவிட வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு ஏற்ற பொருள்தான் ஹைட்ரோஜெல் என்னும் நீர்க்கூழ்.

நுங்கும் வலையும்

நீர்க்கூழ் என்றால் என்ன என்பதை நுங்கைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். நுங்கின் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனால் அது தண்ணீர்போல் ஓடுவதில்லை. ஏன்? கண்ணுக்குத் தெரியாத நீண்ட மூலக்கூறுகள் அதற்குள் பின்னிக் கிடந்து நீரைப் பிடித்துவைத்திருக்கின்றன. ஊறவைத்த பாதாம் பிசின் பல மடங்கு உப்புவதும், சப்ஜா விதையைச் சுற்றி வழுவழுப்பான உறை தோன்றுவதும் இதே காரணத்தால்தான்.

மருத்துவத்துக்கு உகந்த செயற்கை நீர்க்கூழை முதன்முதலில் செய்து காட்டியவர்கள் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஓட்டோ விக்டர்லே, டிராகோஸ்லாவ் லிம் என்னும் இருவர். அவர்களது கட்டுரை 1960ஆம் ஆண்டில் வெளிவந்தது. விக்டர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் தம் வீட்டு மேசையில், குழந்தைகள் விளையாடும் உலோகத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு ஓர் இயந்திரம் செய்து, மென்மையான கண் வில்லைகளை வார்த்தெடுத்தார். இன்று பலர் கண்ணில் அணியும் மென் காண்டாக்ட் லென்ஸ் அப்படித்தான் பிறந்தது. பெரிய கட்டடம் இருந்தால்தான் ஆராய்ச்சி என்று எண்ணுபவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

சரி, ஒளிக்கு இங்கே என்ன வேலை? வலை பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். நூல்கள் தனித்தனியே கிடந்தால் அவற்றில் மீன் நிற்காது. முடிச்சுப் போட்டால்தான் வலை. கூழ் நீர்மமாக இருக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் முடிச்சில்லாத நூல்களைப்போல் மிதக்கின்றன. அவற்றோடு 'ஒளித்தூண்டி' என்னும் பொருளைச் சிறிதளவு கலக்கிறார்கள். குறிப்பிட்ட நிற ஒளி பட்டதும் அந்தத் தூண்டியிலிருந்து துடிப்பான துணுக்குகள் தோன்றுகின்றன. அவை மூலக்கூறுகளின் பக்கக் கிளைகளை ஒன்றோடொன்று இணைத்து முடிச்சுப் போடுகின்றன. நீர்மம் வலையாகிறது; வலைக்குள் நீர் சிறைப்படுகிறது. ஒளி பட்ட இடம் மட்டும் இறுகும். படாத இடம் அப்படியே இருக்கும்.

இதை நீங்கள் ஏற்கனவே பார்த்திருக்கவும் கூடும். சொத்தைப் பல்லை அடைக்கும்போது பல் மருத்துவர் பசைபோன்ற ஒன்றை வைத்து நீல விளக்கைக் காட்டுகிறார் அல்லவா? சில விநாடிகளில் பசை கல்லாகிவிடுகிறது. அது நீர்க்கூழ் அல்ல. ஆனால் தத்துவம் இதுதான். அந்த நீல ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 470 நானோமீட்டர். அங்கே பெரும்பாலும் ஒளித்தூண்டியாகப் பயன்படுவது காம்ஃபர்குவினோன் என்னும் மஞ்சள் பொருள். அது நம் கற்பூரத்தின் நெருங்கிய உறவு!

காலமும் இடமும்

ஒளி என்றதும் சிலர் 'எலும்பில் ஒளி பட்டால் எலும்பு வளரும்' என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படியல்ல. இங்கே ஒளி ஒரு கட்டளை. 'இந்த இடத்தில், இந்த வேளையில்' என்று சொல்வதுதான் அதன் பணி. அந்தப் பணி ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உண்மை வரலாற்றைச் சொல்கிறேன்.

1965ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், எலும்பின் தாது உப்பை நீக்கிவிட்டு மீதியைத் தசைக்குள் வைத்தால் அங்கே புது எலும்பு உண்டாகிறது என்று காட்டினார். எலும்புக்குள் ஏதோ ஒரு புரதம் 'எலும்பு கட்டு' என்று உயிரணுக்களுக்குக் கட்டளையிடுகிறது என்பது புலப்பட்டது. பின்னர் அந்தப் புரதங்களில் ஒன்றைச் செயற்கையாகத் தயாரித்து, கொலாஜன் பஞ்சில் நனைத்து முதுகெலும்பு அறுவையில் வைக்க, 2002ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. ஆனால் பஞ்சு புரதத்தைக் கட்டுக்குள் வைக்கவில்லை. அதிக அளவு வைக்க வேண்டியிருந்தது. வேண்டாத இடத்திலும் எலும்பு வளர்ந்தது. கழுத்தில் பயன்படுத்திய சிலருக்கு வீக்கம் மூச்சையே அடைத்தது. 2008இல் அரசு எச்சரிக்கை விடுத்தது. மருந்து நல்லதாக இருந்தும் காலமும் இடமும் தவறியதால் வந்த வினை இது.

இந்தக் குறையைத்தான் ஒளிக்கூழ் தீர்க்க முயல்கிறது. முடிச்சுப் போடும் ஒளியைப்போல முடிச்சை அவிழ்க்கும் ஒளியும் உண்டு. கிறிஸ்டி ஆன்செத் என்னும் அமெரிக்கப் பெண் விஞ்ஞானியின் குழுவினர், ஒளி பட்டால் அறுந்துபோகும் இணைப்புகளைக் கொண்ட கூழ்களை 2009ஆம் ஆண்டில் செய்து காட்டினார்கள். கூழில் கட்டிவைத்த மருந்தை இன்று கொஞ்சம், பத்து நாள் கழித்துக் கொஞ்சம் என்று விடுவிக்க இது வழி திறந்தது.

தடைகள் என்ன?

இனிக் குறைகளைப் பார்ப்போம். அவை சிறியவை அல்ல.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியின் டார்ச்சை விரல்களுக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். விரல்கள் சிவப்பாக ஒளிரும். நீலமும் பச்சையும் எங்கே போயின? இரத்தம் அவற்றை விழுங்கிவிட்டது. இன்னும் உற்றுப் பாருங்கள். விரலுக்குள் எலும்பு இருந்தும் அதன் நிழல் தெளிவாகத் தெரியவில்லை. திசுக்கள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதே காரணம். நீல ஒளியைத் தோலுக்கு மேலிருந்து காட்டித் தொடையெலும்பில் இருக்கும் கூழை இறுகவைக்க முடியாது என்பது இந்தச் சோதனையிலேயே விளங்கிவிடும். அறுவையின்போது எலும்பு திறந்திருக்கும் வேளையில் நீல விளக்கு போதும். மூடி தைத்தபின் கட்டளை அனுப்ப வேண்டுமானால் அகச்சிவப்பை ஒட்டிய கதிர்கள் வேண்டும். அவையும் சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர் ஆழம் வரையே பயன்தரும் அளவில் போகும். அந்தக் கதிரை உறிஞ்சிச் சற்றே சூடாகும் நுண்ணிய தங்கக் குச்சிகள் போன்றவற்றைக் கூழில் கலந்து, அந்த இளஞ்சூட்டால் மருந்தை வெளிவரச் செய்ய ஆராய்கிறார்கள். சூடு சற்று மிஞ்சினாலும் உயிரணுக்கள் மடியும்.

இரண்டாவது குறை வலிமை. கூழ் உடலின் பாரத்தைத் தாங்காது. உள்ளே தகடோ கம்பியோ வைத்தே தீர வேண்டும்.

மூன்றாவது குறை எல்லாவற்றிலும் பெரியது. எலும்புக்கான ஒளிக்கூழ் ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை எலி, முயல் போன்ற பிராணிகளோடு நிற்கின்றன. எலியின் மண்டையோட்டில் 8 மில்லிமீட்டர் அகலமுள்ள துளையை மூடிவிட்டது என்பது நல்ல செய்திதான். ஆனால் எலியின் மண்டையோடு நெல் மூட்டை சுமப்பதில்லை.

இவ்வளவு குறைகள் இருக்கும்போது ஏன் இதற்காக வாதாட வேண்டும்? குறைகள் இருப்பதால்தான். வேலை முடிந்துவிட்டிருந்தால் நமக்கு வாங்குவது ஒன்றே மிச்சம். வேலை பாக்கி இருக்கிறது. ஆகவே நாமும் பங்கு கொள்ள இடம் இருக்கிறது.

மூலப்பொருள் நம் கரையில்

கூழ் செய்ய வேண்டிய நீண்ட மூலக்கூறுகள் எங்கே கிடைக்கும்? கடலூர் துறைமுகத்துக்கோ, பரங்கிப்பேட்டை அன்னங்கோவிலுக்கோ, கிள்ளை அருகே முடசல் ஓடைக்கோ போனால் நண்டும் இறாலும் வந்திறங்குவதைக் காணலாம். உண்டபின் நாம் எறிகிற ஓட்டில் கைட்டின் என்னும் பொருள் இருக்கிறது. பிரெஞ்சு விஞ்ஞானி பிராக்கோனோ 1811ஆம் ஆண்டிலேயே இதைக் காளானில் கண்டறிந்தார். ஓட்டின் சுண்ணாம்பை அமிலத்தாலும் புரதத்தை காரத்தாலும் நீக்கினால் கைட்டின் மிஞ்சும். அதை வலுவான காரத்தில் காய்ச்சினால் கைட்டோசான் கிடைக்கும். கைட்டோசான் மெல்லிய அமிலத்தில் கரையும்; நம் உடலில் உள்ள நொதி அதைச் சிறிது சிறிதாக உடைக்கும். அதன்மேல் ஒளியால் முடிச்சிடக்கூடிய கிளைகளை ஒட்டவைத்து, ஒளிக்கூழாகவும் ஆக்கியிருக்கிறார்கள்.

நாட்டு மருந்துக் கடைகளில் 'கடல் நுரை' என்று வெண்மையான, இலேசான பொருள் ஒன்று விற்பார்கள். பெயர் நுரை என்றாலும் அது கணவாயின் உள்ளோடு. நுண்ணிய அறைகள் அடுக்கடுக்காக அமைந்த சுண்ணாம்புப் பொருள். பவளத்தின் சுண்ணாம்பை அதன் நுண்துளைகள் கெடாமல் எலும்புத் தாதுவாகிய ஹைட்ராக்சி அபடைட்டாக மாற்றலாம் என்று ராய், லின்னஹான் என்னும் இரு விஞ்ஞானிகள் 1974இல் காட்டினார்கள். கணவாய் ஓட்டையும் அவ்வாறே மாற்றலாம் என்பது பின்னர் தெரியவந்தது. கூழோடு இந்தத் தாதுத் தூளைக் கலந்தால் எலும்பு உயிரணுக்களுக்கு அது பழகிய வீடாக அமையும்.

வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. நண்டு, கணவாய் ஓடுகளிலிருந்து கைட்டினும் கைட்டோசானும் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சிகள் இங்கே நடந்திருக்கின்றன. அங்கிருந்து சிறிது தூரத்தில் 1929இல் நிறுவப்பட்ட அந்தப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அதன் வளாகத்தில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. எலும்பு முறிந்தவர்கள் வருவது அங்கே. நீல விளக்கு இருப்பது பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரியில். மூலப்பொருள், வேதியியல், விளக்கு, நோயாளி ஆகிய நான்கும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த ஊர்கள் எத்தனை இருக்கும்?

அண்டை வீட்டாரோடு சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. எலும்பின் முக்கியப் புரதம் கொலாஜன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, அது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இல் உலகுக்கு அறிவித்தார். அவர் பௌதிகப் பேராசிரியர். ஆராய்ந்ததோ தோலிலும் எலும்பிலும் உள்ள ஒரு புரதம். அண்டையிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அவருக்குத் துணைநின்றது. அந்தக் கொலாஜனைக் காய்ச்சினால் வருவதே ஜெலட்டின். 2000ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தார் ஜெலட்டினோடு ஒளியால் இணையும் கிளைகளைச் சேர்த்துச் செய்த கூழே, இன்று உலகெங்கும் இந்தத் துறையில் பெரிதும் கையாளப்படுகிறது. கயிற்றின் அமைப்பைச் சொன்னது சென்னை. அதிலிருந்து வலை பின்னியது வேறு ஊர். அடுத்த வலையாவது இங்கே பின்னப்படட்டும் என்று விரும்புவது பேராசை அல்ல.

எதிர்வாதம்

'மாவுக்கட்டும் ஆம்புலன்சும் எல்லாருக்கும் உரிய நேரத்தில் கிடைக்கட்டும். ஒளிக்கூழ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விபத்தைத் தடுக்கும் நல்ல சாலை, தலைக்கவசம், பக்கத்திலேயே ஒரு எலும்பு மருத்துவர் ஆகியவையே பெரும்பாலோரைக் காக்கும். அவற்றின் பணத்தை எடுத்து ஒளிக்கூழுக்குத் தரச் சொன்னால் நானே எதிர்ப்பேன். ஆனால் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி எப்படியும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதை எதை நோக்கித் திருப்புவது என்பதே நம் கேள்வி.

'நம்மால் முடியுமா?' என்பது இன்னொரு கேள்வி. ஒரு காலத்தில் செயற்கை இதய வால்வுகளை வெளிநாட்டிலிருந்தே வாங்கினோம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் ஒரு குழு அதைச் செய்ய முனைந்தது. முதலில் செய்த மாதிரிகள் தோற்றன. அவர்கள் தோல்வியை மறைக்கவில்லை, காரணத்தைத் தேடினார்கள். 1990 டிசம்பரில் அவர்களது வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது. மருத்துவரும் பொறியாளரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்ததே அந்த வெற்றியின் இரகசியம்.

ஆனால் ஒரு நிபந்தனை. நண்டு ஓடு குப்பையில் கிடைக்கிறது என்பதற்காக, அதிலிருந்து மருந்து மலிவாக வந்துவிடும் என்று எண்ணக்கூடாது. உடலுக்குள் வைக்கும் பொருளில் பாக்டீரியா நச்சோ ஈயம், பாதரசம் போன்ற உலோகமோ துளியும் தங்கக்கூடாது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய உப்பனாற்றின் மாசு பற்றிப் பல்லாண்டுகளாகப் பேசப்படுகிறது. ஆறு கெட்டால் நண்டும் கெடும். தூய ஆறு மீனவருக்கு மட்டுமல்ல, மருத்துவருக்கும் வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

மாணவ நண்பர்களே, இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கழுவிய கோழிக்கால் எலும்பையும் மற்றதில் ஒரு துண்டு நண்டு ஓட்டையும் போட்டு, மூழ்கும்வரை வினிகர் ஊற்றுங்கள். ஓட்டிலிருந்து குமிழிகள் கிளம்புவதைப் பாருங்கள். அது கரியமில வாயு. வினிகரை அவ்வப்போது மாற்றுங்கள். சில நாட்களில் எலும்பு ரப்பரைப்போல் வளையும். மிஞ்சியது இராமச்சந்திரனின் கொலாஜன். ஓடும் மெத்தென்று ஆகிவிடும். மிஞ்சியது பிராக்கோனோவின் கைட்டினும் சிறிது புரதமும். இரண்டும் ஒரே வித்தை: மென்மையான இழைகளின்மேல் கடினமான தாதுவைப் படியவைத்து இயற்கை கட்டும் வீடு. இந்தச் சோதனைக்குப் பெயர் பௌதிகமா, ரசாயனமா, உயிரியலா? பாடப்புத்தகங்கள் பிரித்துவைத்ததை எலும்பு பிரித்துவைக்கவில்லை.

இன்னொன்றும் செய்யலாம். 'எலும்பை வளர்க்கும் அதிசயக் கூழ்' என்று செய்தி வரும்போதெல்லாம் மூன்று கேள்விகள் கேளுங்கள். யாரிடம் சோதித்தார்கள், எலியிடமா மனிதரிடமா? எத்தனை நாள் கவனித்தார்கள்? எதோடு ஒப்பிட்டுச் சிறந்தது என்கிறார்கள், ஒன்றும் செய்யாமல் விட்ட பள்ளத்தோடா அல்லது இன்று மருத்துவமனையில் செய்யும் சிகிச்சையோடா? விடை இல்லாத செய்தியைச் செய்தியாகப் படியுங்கள், சிகிச்சையாக நம்பாதீர்கள்.

நம் கரையில் நண்டு ஓடு இருக்கிறது; நம் ஊரில் நீல விளக்கும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பொறுமையாகச் சோதிக்கும் ஆட்கள் இன்னும் பலர் வேண்டும். உங்களில் சிலராவது அந்த மேசைக்கு வந்து உட்காருவீர்களா?